காகிதம் இல்லாத பேச்சு

திருடாமல் எழுதுவது எப்படி என்று எங்கள் கல்லூரியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவள் நான். திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரி அது. முதுகலைப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் எழுத உட்காரும் பருவம் வந்தால் முதல்வர் என்னைத்தான் கூப்பிடுவார். அடுத்தவர் வாக்கியத்தை எடுத்தால் மேற்கோள் குறி போடு, கருத்தை எடுத்தால் அடைப்புக்குறிக்குள் பேரும் வருஷமும் போடு, பேச்சில் கேட்டதாக இருந்தாலும் யார் சொன்னது என்று எழுது. இதைச் சொல்லும்போது என் குரல் நன்றாகவே ஓங்கும். பேச்சில் கேட்டது என்ற இடம் வந்ததும் மட்டும் சாக்பீஸ் எடுக்கப் போகிறவள் மாதிரி பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் திருத்தணிப் பக்கம். கான்வென்டில் படித்தவள், சித்தூரில் வாழ்க்கைப்பட்டேன். தெலுங்கு கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டிலும் காய்கறிக் கடையிலும் பொறுக்கியது. பிஎச்.டி.க்குத் திருப்பதியில் பதிவு செய்துகொண்டு தினமும் சித்தூரிலிருந்து ஆர்.டி.சி. பஸ்ஸில் போய் வந்தேன். அதே பஸ்ஸில், அதே துறைக்கு, அதே கைடிடம் போய்க்கொண்டிருந்தவள்தான் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிட சில வருஷம் மூத்தவள் என்பதால் முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது.

அக்கா சித்தூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் பேசுவாள், ஆனால் ஒரு எழுத்து படிக்க வராது. பஸ்ஸின் பேர்ப்பலகையில் தமிழ் இருந்தால் என்னைப் பார்ப்பாள். எழுத வருவது தெலுங்கு. தீசிஸோ இங்கிலீஷில் எழுத வேண்டும். அவளுக்கு இங்கிலீஷ் புரியும், எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. யோசிப்பது ஒரு பாஷை, படித்தது ஒரு பாஷை, பாஸாவதற்கு இன்னொரு பாஷை.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. சித்தூரில் பஸ் கிளம்பியதும் அவள் பேசத் தொடங்குவாள், தமிழில். நான் போனில் இங்கிலீஷில் அடித்துக்கொண்டே வருவேன். பூதலப்பட்டு, பாகாலா கிராஸ், சந்திரகிரி என்று ஊர்கள் போய்க்கொண்டிருக்கும். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கும் முன் அடித்ததை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். பதிலுக்கு அவள் என் டிபன் பாக்ஸில் தன் வீட்டு எலுமிச்சைச் சாதத்தைப் பாதி வைப்பாள். "துன்னுட்டு அப்பறமா திருத்தும்மா, காலைல வெறும் வவுத்தோட வந்துகிற" என்பாள். 

சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் எப்போது தமிழ் பேசுகிறார்கள், எப்போது தெலுங்குக்கு மாறுகிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. அதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். வயசைப் பொறுத்து மாறுகிறது, படிப்பைப் பொறுத்து மாறுகிறது, எதிரில் இருக்கும் ஆளைப் பொறுத்து மாறுகிறது என்று ஆளுக்கொரு காரணம். ஒருநாள் பாகாலா தாண்டும்போது அக்கா ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"ஆளும் இல்ல, வயசும் இல்லம்மா. காகிதம். கைல காகிதம் கீதுன்னா தெலுங்கு. காகிதம் இல்லேன்னா தமிழு. அவ்ளோதான்."

"புரியலக்கா."

"எங்க சின்னம்மா வவுத்து வலின்னு நாலு நாளா தமிழ்லதான் அழுதுக்கினு இருந்துச்சு. ஸ்கேன் ரிப்போர்ட்டு கைல குடுத்தாங்க பாரு, அதே வலி கடுபு நொப்பி ஆயிடுச்சு. எங்ககிட்டயே தெலுங்குல சொல்லுது. ரேஷன் கார்டு, நெலத்து பாஸ்புக்கு, ஸ்கூல் டி.சி. எல்லாம் தெலுங்கு. சோறு, சண்ட, காய்ச்சல், இதுக்கெல்லாம் காகிதம் ஏது? அது தமிழு."

பிறகு தன் அப்பாவை, அவள் வாயில் நைனாவை, நடித்துக் காட்டினாள். கரண்ட் பில் அதிகமாக வந்துவிட்டதென்று அவர் லைன்மேனிடம் சண்டைக்குப் போனாராம். பில்லைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும் வரை மரியாதையான தெலுங்கு, 'ஏமண்டி' என்றுகூட இருந்ததாம். பில்லை மடித்துச் சட்டைப் பையில் போட்டாராம், அடுத்த வார்த்தை தமிழில் வசவு. லைன்மேன் மறுபடி பில்லைக் கேட்க, கையில் எடுத்ததும் மறுபடி தெலுங்கு. அக்கா பஸ் டிக்கெட்டையே பில்லாக வைத்துக்கொண்டு எடுப்பதும் மடிப்பதுமாகச் செய்து காட்டினாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் இங்கிலீஷில் அடித்தேன்.

அது எவ்வளவு பெரிய யோசனை என்று அன்றே எனக்குத் தெரியும். தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. ஒரு நிமிஷம் பொறாமையாகக்கூட இருந்தது. அவள் அதை எங்கள் கைடிடம் உடனே சொல்லவில்லை. முழுவதும் எழுதி முடித்துக் காட்டலாம் என்றிருந்தாள்.

எழுதி முடிக்கவில்லை. அவள் வீட்டுக்காரருக்கு ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்துக் குடும்பம் தடாவுக்குப் போயிற்று. கூடவே ஒரு குழந்தை. படிப்பை நிறுத்தி வைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். "திரும்பி வருவேன்மா, சீட்டப் பிடிச்சு வையி" என்று பஸ்ஸில் தன் இடத்தைக் காட்டிச் சிரித்தாள். திரும்பி வர மாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். என் நினைப்புக்கு அது வசதியாகவும் இருந்தது.

என் ஆராய்ச்சி தமிழ்நாட்டிலிருந்து ரேணிகுண்டா ஆலைகளுக்கு வந்துபோகும் தொழிலாளர்கள் பேசும் பாஷையைப் பற்றியது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களை நிறுத்திக் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? கிடைத்ததை வைத்து ஒன்றும் எழுத முடியவில்லை. தீசிஸ் கொடுப்பதற்கு முன் ஒரு கட்டுரையாவது அச்சாகியிருக்க வேண்டும். எங்கள் கைடு சார் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். ஒருநாள் போனில் பழையதைத் துழாவியபோது அந்தப் பக்கங்கள் கிடைத்தன. படித்துப் பார்த்தேன். அத்தனையும் என் வாக்கியங்கள். அவள் சொன்ன தமிழ் அதில் ஒரு சொல்கூட இல்லை. நான் தேடிப் போட்ட சொற்கள், நான் உடைத்துச் சேர்த்த பத்திகள். என்னுடையதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டி வந்தபோதே விழித்திருக்க வேண்டும்.

கட்டுரையாக்கினேன். நைனாவை 'வயதான ஒரு ஆண் தகவலாளர்' ஆக்கினேன். லைப்ரரியில் எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தார்கள். முழுவதும் பச்சை. எங்குமே அச்சாகாத ஒன்றை அந்த மெஷின் எதோடு ஒப்பிடும்? லைப்ரரி அம்மா, "இந்த மாதிரி கிளீனா ஒருத்தரும் குடுக்கல மேடம்" என்றாள். கட்டுரை வந்தது, எனக்கு நல்ல பேர் வந்தது, தீசிஸில் அதுவே ஒரு அத்தியாயம் ஆயிற்று, வேலையும் கிடைத்தது. அக்காவிடம் போனில் கட்டுரை வந்ததைச் சொன்னேன். எதைப் பற்றி என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவளுடைய நைனா தவறிப்போனார். நான் சித்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். அவர் என் கட்டுரையில் அச்சேறிவிட்டார் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். காபி கொடுத்தார்கள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

அக்கா திரும்பி வந்தாள். குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மறுபதிவு செய்து, தடாவிலிருந்தே எழுதி முடித்து, போன வருஷம் முழு வரைவையும் கொடுத்துவிட்டாள். எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். ஒரு காலை, நான் வகுப்புக்குக் கிளம்பும்போது போன் வந்தது.

"தப்பு பண்ணிட்டேன்மா" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். "லைப்ரரில போட்டுப் பாத்தாங்களாம். பாதிக்கு மேல செவப்பா வந்துகீது. உன் பேப்பர்ல இருந்து எடுத்துட்டேன்னு சொல்றாங்க. நீ பஸ்ஸுல அடிச்சுக் குடுத்தியே, அத்த அப்படியே போட்டுக்கினேன். இங்கிலீஷ் உன்துதானே. உன்னக் கேட்டுட்டுப் போட்டிருக்கணும். என்மேல கோவமா?"

 தன் பொருளைத் தானே திருடிவிட்டதாக அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். "அதெல்லாம் இல்லக்கா" என்றேன். "அழாதக்கா, பாத்துக்கலாம்" என்றேன். சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர எல்லாம் சொன்னேன். அன்றைக்கு வகுப்பில் வாய் தானாகப் பேசியது.

சார் அன்று மதியமே கூப்பிட்டார். அவர் தெலுங்குக்காரர், தமிழ் வரும், என்னிடம் இரண்டையும் கலந்து பேசுவார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பக்கம் பக்கமாகச் சிவப்பு. ஓரத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் என் பேர்.

"சூடும்மா, நீயே பாரு, இது மொத்தம் உன் மேட்டர். நீ ரைட்டிங்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்தா கமிட்டிக்குப் போவும், ரிஜிஸ்ட்ரேஷன் கேன்சல் ஆயிடும். வேணாம்னா சொல்லு, சைட்டேஷன் போட்டுத் திருப்பி எழுதச் சொல்றேன். அவங்களுக்கு டைம் லிமிட் வேற முடியப் போகுது. நீ என்ன சொல்ற?"

அப்போது சொல்லியிருக்கலாம். நானும் அவரும் மட்டும்தான் அறையில் இருந்தோம், மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, எனக்குப் பேச்சும் வரும். "பாவம் சார், விட்டுடுங்க. தெரியாம செஞ்சிருப்பாங்க" என்றேன்.

"மஞ்சி மனசும்மா உனக்கு" என்றார்.

அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். இதுவரை செய்ததைக்கூட அவசரம், பயம் என்று பூசி மெழுகிவிடலாம். அந்த 'பாவம் சார்' இருக்கிறதே, அதற்கு எந்தப் பூச்சும் நிற்காது.

யாருடையது என்று குறிக்கும் அந்தச் சைட்டேஷனை எப்படிப் போடுவது என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையையும் சார் என்னிடமே கொடுத்தார். அதற்கென்றே வகுப்பெடுப்பவள் இல்லையா நான்? அக்கா தடாவிலிருந்து விடிகாலைப் பஸ் பிடித்து வந்தாள். துறையில் காலியாக இருந்த ஒரு அறையில் அவள் லேப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் டிபன் பாக்ஸைத் திறந்தாள். அதே எலுமிச்சைச் சாதம். பசியில்லை என்றேன்.

நல்ல மாணவி அவள். ஒவ்வொரு வாக்கியமாக விரலை வைத்துக் கேட்டாள்.

"இங்க உன் பேரு போடணுமா?"

"போடுக்கா."

"காகிதம் இருந்தா தெலுங்குன்னு வருதே, இங்க?"

"போடு."

"சின்னம்மா வவுத்து வலி?"

"...போடு."

அவள் வாக்கியத்துக்கு மேற்கோள் குறி போட்டு, தன் ஒற்றை விரலால் என் பேரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அடைப்புக்குறியை மூடி, வருஷத்தைச் சரிபார்த்துக்கொண்டாள். எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதென்று கவனமாக இருந்தாள். ஒரு இடத்தில் பிழையாக விழுந்தபோது, "சாரிம்மா, உன் பேரயே தப்பா போட்டுட்டேன்" என்று திருத்தினாள்.  எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. இன்னும் கொஞ்சம்தானே, முடிந்துவிடும் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் மனசில் இருந்தன.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. வயதான ஒரு ஆள், கரண்ட் பில், சட்டைப் பை. அவள் வரைவில் 'என் தந்தை' என்றே இருந்தது.  விரலைத் திரையில் வைத்தபடியே என் பக்கம் திரும்பினாள்.

"இது எங்க நைனாம்மா. எங்க நைனாவுக்கும் உன் பேரு போடணுமா?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. முறை என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்கயுமே என் பேர் வரக்கூடாதுக்கா. எல்லாம் உன்னுது. நான்தான் எடுத்து என்னுதுன்னு போட்டுட்டேன்."

அவள் லேப்டாப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"உன் பேப்பர இப்பதான் படிச்சேன். படிக்கும்போதே பஸ்ஸு ஞாபகம் வந்துச்சு. ரெண்டு பேரும் பேசிக்கினு வந்ததுதானே, உனக்கும் தனியா தோணியிருக்கும்னு நெனச்சேன். தோணலியா?"

"இல்லக்கா."

"ஒண்ணு கூடயா?"

"இல்ல."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் இங்கிலீஷு சரியில்ல, அதனாலதான் இப்படி ஆச்சுன்னு வீட்டுல அழுதுக்கினு இருந்தேன்" என்றாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வா, சார்கிட்ட போலாம். இப்பவே சொல்றேன்."

"சொன்னா இன்னா ஆவும்?"

வகுப்பில் சொல்வதைப் போலவே சொன்னேன். என் கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள், விசாரணை வரும், என் தீசிஸையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

"அதுவரிக்கும் என்து?"

"நிறுத்தி வைப்பாங்க."

"அப்போ வேணாம்." குரல் கெட்டியாகிவிட்டது. "எனக்கு டைம் இல்ல. மொதல்ல நான் பாஸ் ஆயி வெளிய போறேன். அப்பறம் நீ சொல்லுவியோ மாட்டியோ, அது உன் இஷ்டம்."

லேப்டாப்பை இழுத்துக்கொண்டு மிச்சப் பக்கங்களிலும் அவளே என் பேரைப் போட்டாள். என்னை எதுவும் கேட்கவில்லை. நைனாவின் பத்திக்கு மட்டும் போடவில்லை. அது சிவப்பில் வருமே என்றேன். "வரட்டும்" என்றாள். டிபன் பாக்ஸை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுபடி லைப்ரரியில் போட்டார்கள். சைட்டேஷன் போட்ட இடமெல்லாம் கணக்கிலிருந்து போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு பத்தி. "அது ஒண்ணுதானே, பர்வாலேது, லிமிட்குள்ளதான்" என்று சார் கையெழுத்துப் போட்டார். வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்று அக்கா பட்டுப் புடவை கட்டி வந்தாள். காகிதம் உள்ளது தெலுங்கு, இல்லாதது தமிழ் என்பதை வந்திருந்த பேராசிரியர் ரசித்துக் கேட்டார். இந்தக் கருத்து யாருடையது என்றும் கேட்டார். அவள் கடைசி வரிசையில் இருந்த என்னைக் காட்டினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை, அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

முடிந்து இனிப்புக் கொடுத்த பிறகு, சார் அறைக்கு வெளியே, பைண்ட் செய்த ஒரு பிரதியை என் கையில் வைத்தாள். கடைசியில் லைப்ரரி சாஃப்ட்வேர் கொடுத்த சிமிலாரிட்டி ரிப்போர்ட் சேர்த்திருந்தது. அவளே அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைத் தாளில் ஒற்றைப் பத்தி மட்டும் சிவப்பு.

"இத்த பாரேன்" என்றாள். "எங்க நைனாதான் திருடிட்டாராம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், பஸ்ஸில் டிக்கெட்டை மடித்துக் காட்டிய அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. நான் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தடா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் படியிறங்கிப் போய்விட்டாள். உள்ளேயிருந்து சார், "ஏம்மா, அங்க நின்னுட்ட, லோபல வா" என்று கூப்பிட்டார். பக்கத்தை மூடாமல் அப்படியே உள்ளே எடுத்துப் போனேன்.